ஒற்றை சீட் வண்டி

என் அக்காவின் கணவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் விஞ்ஞானி. முகத்துக்கு நேரே அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். வீட்டில் குழாய் ஒழுகினால் "வாஷர் போயிருக்கும்" என்று கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடிப்பார். எழுந்து போய் மாற்றுவது அக்கா.

அவரிடம் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் இருந்தது. விடிவதற்குள் அக்காவை ஆஸ்பத்திரி லேபில் கொண்டுபோய் விடுவதற்கு அதுதான் கதி, அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் வண்டியை அக்காதான் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். இந்த மனிதர் வந்ததும் அவள் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்படி ஒரு வண்டி குத்துக்கல்லாக இருக்கும்போதே விஞ்ஞானிக்கு இரண்டாவது வண்டி ஆசை வந்தது. அதே கம்பெனியின் பழைய மாடல் ஒன்றை, யார் வீட்டுக் கொல்லையிலோ கோழி அடைந்து கிடந்ததை, தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினார்.

"ரெண்டுக்கும் ஒரே பார்ட்ஸ்தான். இதுல இருந்து கழட்டி அதுல மாட்டிப் பாத்தா எங்க கோளாறுன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மாட்டிப் பார்த்தார். நல்ல வண்டியின் ப்ளக் பழைய வண்டிக்குப் போனது. அப்புறம் இக்னிஷன் காயில், பேட்டரி, கடைசியில் கார்புரேட்டர். ஒவ்வொரு தடவையும் "சும்மா டெஸ்டுக்குத்தான்" என்பார். போனது எதுவும் திரும்பி வரவில்லை. பழைய கார்புரேட்டரைக் கழுவுகிறேன் பேர்வழி என்று பிரித்து, உள்ளே இருந்த ஊசியைச் சாக்கடையில் விட்டார். ஓடிக்கொண்டிருந்த வண்டியைச் சாகடித்து, செத்த வண்டியை இரும வைத்த ஒரே மெக்கானிக் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு லேபின் பொறுப்பைக் கொடுத்தார்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்த பதவி. திங்கட்கிழமை முதல் சாவி அவள் கையில். அவள் போய்த் திறந்தால்தான் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள் உள்ளே போக முடியும். முதல் நாளே தாமதமானால், பொறுப்பை வாங்கிக்கொள்ள இன்னொருத்தி தயாராக இருந்தாள்.

"திங்கக்கிழமை வண்டி இருக்குமில்ல?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு வண்டிய வெச்சுக்கிட்டு இப்படி ஒரு கேள்வி கேக்கறியே!"

அதைச் சொன்னபோது விஞ்ஞானி பழைய வண்டியின் கிழிந்த நீள சீட்டைக் கழற்றிவிட்டு, குட்டியாக ஒற்றை சீட் பொருத்திக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று நான் கேட்டேன். "இது ஸ்டைலும்மா. ஒரு ஆள் போறதுக்கு இது போதும்" என்றார்.

திங்கட்கிழமை அந்த வண்டி உண்மையிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருவே விழித்துக்கொள்ளும்படி முறுக்கிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெருமையைக் காணச் சகிக்கவில்லை.

அக்கா பையோடு வந்து நின்றாள். "நான் எங்க உக்கார?"

விஞ்ஞானி திரும்பிப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் மட்கார்டு மட்டும் பளபளத்தது.

"டேங்க் மேல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி..."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அறையத்தான் தோன்றியது.

"இறங்குங்க" என்றாள் அக்கா.

"கிளட்ச் டைட்டா இருக்கும், உனக்கு..."

"இறங்குங்கன்னு சொல்றேன்ல."

இறங்கினார். அக்கா பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் வண்டி ஒரு தடவை தடுமாறியது. நிமிர்ந்து போய்விட்டாள். லேப் நேரத்துக்குத் திறந்தது.

இப்போது விஞ்ஞானி ஆபீஸுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். நேற்று சாயங்காலம் அக்கா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "பின்னால ஒரு சீட்டு போட்டுடலாமா?" என்று இழுத்தார்.

அக்கா துணியைப் பிழிந்தாள். "எதுக்குங்க? ஒரு ஆள் போறதுக்கு இது போதும்."