இரண்டு இருமலும் நாலு வசனமும்

இந்த நோர்வேயில் பஸ்ஸுக்குள் இருமினால் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு 'உன்ஷில்' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. வந்த புதிதில் ஒருநாள் நான் இருமியபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்கார அம்மா கைப்பைக்குள் தேடி ஒரு இனிப்பை எடுத்துத் தந்தா. என்ன அன்பு என்று நினைத்து, என்னிடம் இருந்த வாய்ப்பன் பணியாரம் ஒன்றைக் கடதாசியில் சுற்றி அவவின் கையில் வைத்தேன். அதைப் பிடித்தபடியே அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டா. "அது உங்கட இருமலை நிப்பாட்டத் தந்தது அம்மா" என்று மகள் ஜெனிற்றா சிரித்தாள். எங்களுக்கு இருமல் வேறு வேலைக்கு இருந்தது.

ஒருமுறை சண்டையில் பாதை பூட்டியபோது நான் மன்னார்த் தீவுக்குள், கீரியில் தங்கச்சி வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். என் மனுசன் அக்கரையில், விடத்தல்தீவில் வள்ளத்தோடு நின்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அவர் அதுவும் இல்லை. கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி ஆட்களிடம் கொடுத்துவிடுவார். சோதனைச் சென்றியில் ஆமிக்காரர் போட்டுக் கேட்ட பிறகுதான் அது கைக்கு வரும். அதனால் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் கசெட்டில் பேசுவார்கள். நானும் நம்பி இருந்துவிட்டேன். பாதை திறந்து வந்தபோது மனுசன் எலும்பும் தோலுமாய் நின்றார்.

"அரிசி கிடைக்குது எண்டு சொன்னனீங்கள்?"

"அதுக்கு முன்னம் இருமினனான் எல்லோ. காதை எங்க வைச்சுக் கேட்டனீ?"

அன்று முதல் அது எங்கள் இருவருக்குள் வழக்கமாகிவிட்டது. பொய் சொல்ல முன்னம் ஒருக்கா இருமுவார். பிள்ளைக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை.

ஜெனிற்றாவின் பிள்ளைப்பேற்றுக்கு நான் இங்கே வந்தேன். "வள்ளத்தை ஆர் பாக்கிறது?" என்று அவர் நின்றுவிட்டார். இலுப்பைக்கடவையில் நான் பஸ் ஏறும்போது போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. பிறகு ஊரில் சண்டை பெருத்தது, ஒரு தொடர்பும் இல்லை. கடைசியில் கொழும்பால் வந்த ஒருவர் அவருடைய கசெட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். இங்கே அதைப் போட்டுக் கேட்க றேடியோப் பெட்டி இல்லை. மருமகன் றொஷான் கலியாண வீடுகளில் கீபோட் வாசிக்கிறவர். "தாங்கோ மாமி, கொம்பியூட்டரில ஏத்தி, இரைச்சலை எடுத்துப்போட்டுத் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போனார். கிழமைகள் போயின. மருமகனை எப்படி அவசரப்படுத்துவது என்று கூச்சத்தில் இருந்தேன்.

நத்தாருக்கு எங்கள் சனம் ஒரு மண்டபத்தில் கூடியது. மேடையில் றொஷான், "இது மாமியின்ர விருப்பத்தோட" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். பெரிய ஸ்பீக்கரில் என் மனுசன் பேசினார். "வாறன், வாறன்" என்று சின்னப்பிள்ளைக் குரலில் கீச்சிட்டார், பிறகு அரக்கன்போல இழுத்தார். அடியில் மேளம் மாதிரி அவருடைய இருமல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். "குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள். அந்தக் கசெட்டை நான் முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "நான் எப்ப ஓம் எண்டனான்?" என்று கேட்டேன்.

"கேட்டால் வெக்கப்பட்டு வேண்டாமெண்டுவீங்கள். அதுதான் நீங்கள் ஓம் எண்டதெண்டு நான் சொல்லிப்போட்டன். அப்பான்ர குரலை எல்லாரும் கேட்டது நல்லதுதானே?"

முழுக் கசெட்டையும் கேட்க வேண்டும் என்றேன். றொஷான் தலையைச் சொறிந்தார். நாடா சிக்கி அறுந்துபோனதாம், கொம்பியூட்டரில் இடம் காணாமல் முழுப் பதிவையும் அழித்துவிட்டாராம். வெட்டி எடுத்த துண்டுகள்தான் மிச்சம்.

"எந்தப் பேச்சுக்கு முன்னம் இருமினவர் தம்பி?"

"அது ஞாபகமில்லை மாமி. கடல் காத்து, சளி பிடிச்சுத் தடிமனாய் இருந்திருக்கும். இரைச்சல் எண்டுதான் வெட்டினனான், பிறகு பாத்தால் தாளத்துக்கு நல்லாய் இருந்தது."

அவர் கெட்டவர் இல்லை. மறுநாள் பகல் என்னைத் தன் கதிரையில் இருத்திக் காட்டினார். அந்தச் சாமானுக்குப் பெயர் சாம்பிளராம். குரலைத் துண்டு துண்டாக ஏற்றி, எந்தத் துண்டு எந்தக் கட்டையில் என்று வைத்துவிட்டால், கீபோட்டில் அழுத்தும்போது அது பேசும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டையில்தான் ஆளின் சொந்தக் குரல் வரும். அதற்கு மேலே போனால் குரல் மெலியும், கீழே போனால் தடிக்கும். சொந்தக் குரல் வரும் கட்டைகளைக் காட்டிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

நாலு வசனம் இருந்தது. நான் நல்லாய் இருக்கிறன். வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை. உன்னோட எனக்குக் கோவமில்லை. பாதை திறந்த உடன உன்னட்ட வாறன். இடதுபக்கத்துக் கடைசிக் கட்டைகளில் இரண்டு இருமல்.

உங்களில் யாருக்காவது ஊரிலிருந்து கசெட் வந்தால், பெற்ற பிள்ளையிடமும் கொடுக்க முன்னம் நீங்களே ஒருக்காக் கேட்டுவிடுங்கள். எனக்கு இப்போது ஒரு கசெட்டும் வருவதில்லை, அதனால்தான் எங்கள் இரகசியத்தை எழுதுகிறேன்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் நான் அந்தக் கீபோட்டின் முன் போய் இருக்கிறேன். இருமலை முதல் இரண்டு வசனங்களுக்கும் முன்னால் வைத்தால், அவருக்குக் கோபமில்லை, என்னிடம் வருவார். ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லை, எங்கள் வீடும் இல்லை. கடைசி இரண்டுக்கும் முன்னால் வைத்தால், அவர் சுகமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். நான்தான் இல்லை. வலது கை ஒரு வசனத்தில் இருக்கிறது. இடது கை இருமலுக்கு மேலே நிற்கிறது, அழுத்த வருகுதில்லை.