முதல் நான்கு படங்கள்

தாமரை மலேசியாவில், கிள்ளானில் கல்யாணப் படம் எடுப்பவள். வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினோரு வருஷம் மேரு என்ற பக்கத்து ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது வேலை. ஒன்று ஒழுகினால் அதைத் தூக்கிப் போடுவார்கள். வரிசையாக ஐந்து ஒழுகினால் மெஷினை நிறுத்திவிட்டு அச்சைப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி அவள் குரல் பெரிதாகிவிட்டது. மண்டபத்தில் அது உதவியது. "ஆன்டி, தாடைய இறக்குங்க." "அண்ணே, போனக் கீழ வைங்க லா, நான் எடுக்கிறேன்ல." கடைசி வரிசைவரை கேட்கும். ஜனங்கள் சிரிப்பார்கள், சொன்னதைச் செய்வார்கள். தாமரை வந்தால் கல்யாணம் கலகலவென்று இருக்கும் என்று பேர்.

இந்த வருஷம் அவளுடைய பழைய லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரு கடையில் புதியது வாங்கினாள். முகத்தை மட்டும் தெளிவாக எடுத்து, பின்னால் இருப்பதைக் கலைத்துவிடும் வகை. வீட்டுக்கு வந்து கேட் ஓரத்தில் இருந்த செம்பருத்தியை ஒரு படம் எடுத்தாள். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் இருந்தது. சோதனை அவ்வளவுதான். நாலாம் நாள் வாணியின் கல்யாணம்.

வாணியின் அப்பா கமலநாதன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக அவருக்கு நடுக்கம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தாமரைக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

கன்னிகாதானத்துக்கு அவர் மணையில் உட்கார்ந்தார். பட்டு வேட்டி, மேல்துண்டு. மகளின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். தாமரை புதிய லென்ஸை மாட்டி அவர் முகத்தில் போக்கஸ் வைத்தாள். போக்கஸ் சரி என்று கேமராவுக்குள் பச்சைப் புள்ளி எரிந்தது. பீப் என்றது. எடுத்தாள்.

திரையில் பார்த்தால் முகம் மங்கல்.

"அங்கிள், ஆடாதீங்க."

அவர் தலையசைத்தார். இரண்டாவது படமும் மங்கல்.

"அங்கிள், கொஞ்சம் ஸ்டெடி."

முன்வரிசையில் ஒருவர், "காலையிலேயே ஒன்னு உள்ள போயிருச்சா மச்சான்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கமலநாதனும் சிரித்தார். அவர் குடிக்கிறவர் இல்லை.

மூன்றாவது. நான்காவது. ஐயர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். தாமரைக்கு வியர்த்தது.

"அங்கிள், அசையாம இருங்கன்னு சொல்றேன்ல. முடியலன்னா சொல்லிடுங்க."

மண்டபம் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் ஐந்தாவது படத்தை எடுத்தாள். வாணி குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் மகளின் கையை விட்டுவிட்டு எழுந்தார். அவருடைய தம்பி சுகுமாறன் வந்து மணையில் உட்கார்ந்தார். சீதாலெட்சுமி, கமலநாதனின் மனைவி, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கணவரையே பார்த்தபடி இருந்தாள். யாரோ "தண்ணிய ஊத்துங்கக்கா" என்று சொன்ன பிறகுதான் ஊற்றினாள்.

சித்தப்பா தாரை வார்த்த படங்கள் பளிச்சென்று வந்தன. ஆள் மாறியதால் சரியாகிவிட்டது என்று தாமரை நினைத்தாள். கூட்டத்தையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்று அந்த நேரத்தில் லென்ஸையும் மாற்றியிருந்தாள். அது அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை படங்களை மடிக்கணினியில் திறந்தாள். கமலநாதனின் முதல் படத்தைப் பெரிதாக்கினாள். கண் மங்கல், மூக்கு மங்கல். காது தெளிவாக இருந்தது. காதில் முளைத்திருந்த முடிகளை எண்ணலாம். பின்னால் தொங்கிய மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு மொட்டும் தெரிந்தது.

ஆடுகிறவரின் காது தெளிவாக விழாது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றிலும் அப்படித்தான். மகளின் கையைப் பிடித்திருந்த கையும் மங்கல்தான், ஆனால் இழுபடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் மூன்று கிச்சாப் சாஸ் பாட்டில்களை எடுத்து வந்தாள். மேஜையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுப்பாட்டிலின் எழுத்தில் போக்கஸ் வைத்து எடுத்தாள். பச்சைப் புள்ளி. பீப். பின்பாட்டிலின் எழுத்துத்தான் தெளிவாக விழுந்தது. பத்துத் தடவை எடுத்தாள். பத்துத் தடவையும் பின்பாட்டில்.

பிறகு ஐந்தாவது படத்தைத் திறந்தாள். அதில் காதும் இழுபட்டிருந்தது. கை இரண்டு கையாகத் தெரிந்தது. அந்தப் படத்தில் மட்டும் அவர் உண்மையாகவே ஆடியிருந்தார். அது அவள் கத்திய பிறகு எடுத்தது.

கணினியை மூடினாள். கையுறைத் தொழிற்சாலையில் அவளிடம் வேலை கற்ற பெண்கள் யாராவது இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தபோது காது சூடானது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோயாளி ஆடினார், படம் போயிற்று என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் எழுதினாள். 'சின்ன டெக்னிக்கல் பிராப்ளம் அங்கிள்' என்று தொடங்கியது. அந்த 'சின்ன' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தாள். புதன்கிழமை லென்ஸைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைக்காரன் சோதித்துவிட்டு, "ஆமா அக்கா, பின்னால புடிக்குது. நீங்க வாங்கினதும் டெஸ்ட் பண்ணலையா?" என்றான்.

வியாழக்கிழமை கணினியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் கமலநாதன்.

"வாம்மா. அன்னைக்கு உன்ன ரொம்பச் சிரமப்படுத்திட்டேன். மனசுல வச்சுக்காத."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"நீங்க ஆடல அங்கிள்."

"என்ன?"

"லென்ஸ் புதுசு. அதுல கோளாறு. நான் சரியா டெஸ்ட் பண்ணாம கொண்டு வந்துட்டேன். பழிய உங்க மேல போட்டேன்."

அவர் கதவை அகலத் திறந்தார். "உள்ள வா. காட்டு."

சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து நான்கு படங்களையும் காட்டினாள். முதல் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது என் காதா?"

"ஆமா அங்கிள்."

"முடி வெட்டிக்கிட்டு வந்திருக்கலாம்."

சீதாலெட்சுமி வந்து பின்னால் நின்றாள். அவள் உட்காரவில்லை.

"கன்னிகாதான நேரத்துக்குக் கணக்குப் பண்ணி மாத்திரைய எட்டே காலுக்குக் குடுத்தேன்," என்றாள். "முக்கா மணி நேரம் ஆகும் அது வேல செய்ய. அப்புறம் ரெண்டு மணி நேரம் கை சும்மா இருக்கும். ஒரு மாசம் கடிகாரத்த வச்சுப் பாத்தோம். தெனமும் உள்ளங்கையில தண்ணி கிளாஸ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. சிந்தாது."

"அஞ்சாவதா ஒன்னு எடுத்தியே," என்றார் கமலநாதன்.

அதைக் காட்ட அவள் நினைத்திருக்கவில்லை. காட்டினாள். அவர் திரைக்கு அருகில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அப்போது அவர் கை மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது. கணினியும் சேர்ந்து லேசாக ஆடியது.

"நீ சொன்னப்பறம்தான் ஆரம்பிச்சிருக்கு," என்றார். "நான் மொதல்லேர்ந்தே ஆடுறேன்னு நெனச்சேன். நீ அவ்ளோ சத்தமா சொன்னியா, நம்பிட்டேன்."

தாமரை மன்னிப்புக் கேட்டாள். கேட்டபோது அவள் குரல் அடுத்த அறைக்குக் கூட எட்டியிருக்காது.

சீதாலெட்சுமி போனை எடுத்து வாணியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். "அவகிட்டயும் நீயே சொல்லு."

வாணி ஷா ஆலத்தில் வேலையிடத்தில் இருந்தாள். தாமரை முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள். மறுபக்கம் தொலைவில் யாரோ மலாய் மொழியில் பேசுவது மட்டும் கேட்டது.

"வாணி?"

"எழுந்துக்கப்பான்னு சொன்னது நான்தான் அக்கா. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு." பிறகு, "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றாள்.

கமலநாதன் போனுக்கு அருகே குனிந்தார். "இருக்கேன். வேலயப் பாரு. சாயங்காலம் பேசலாம்."

வைத்துவிட்டார். அவர் தாமரையைப் பார்க்கவில்லை. சீதாலெட்சுமியும் பார்க்கவில்லை.

"ஒரு நாள் பாத்து எல்லாரையும் உக்கார வச்சு மறுபடி எடுத்துத் தரேன் ஆன்டி. அதே மண்டபத்துல. நானே ஏற்பாடு பண்றேன்."

"எத மறுபடி எடுப்ப?" என்றாள் சீதாலெட்சுமி.

தாமரை கணினியின் மூடியைப் பிடித்தபடி இருந்தாள்.

"அந்த நாலு படமும் ஆல்பத்துல வரணும். பெரிசா."

"மங்கலா இருக்கே ஆன்டி."

"இருக்கட்டும். கை ஆடாம இருக்குல்ல."

ஆல்பத்தை அச்சடிப்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் யாசின். பத்து வருஷப் பழக்கம். அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, நடுவுல நாலு பக்கம் போக்கஸ் அவுட். தப்பான ஃபைல அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. அதான்."

"முழுப் பக்கம் வருது லா. கீழ உங்க பேரு வேற போட்டிருக்கு. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"போடு."

"பேரையாவது எடுத்துடவா?"

எடுத்துவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"இருக்கட்டும்," என்றாள்.

"சரி, உங்க இஷ்டம். யாரு அக்கா இந்த ஆளு?"

"பொண்ணோட அப்பா."