திங்கட்கிழமைப் போத்தல்

கடற்கரைப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். ஒரே வண்டியைப் பதினெட்டு வருடம் ஓட்டியவன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் வண்டியைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வருவது பாதி உப்பு. உப்புக்காற்றில் ஓடிய வண்டியை உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, மட்காட் துருப்பிடித்துப் போனது என்று மறுபடியும் என் வாசலில் வந்து நிற்பார்கள். பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் நனைத்த துணி போதும் என்றால், எனக்கு விசர் பிடித்துவிட்டது என்பதுபோல ஒரு பார்வை. இன்னும் சிலர் கழிவு ஒயிலை எடுத்து வண்டி முழுக்கப் பூசுகிறார்கள். அதில் மணல் ஒட்டி, இரண்டு மாதத்தில் செயினைத் தின்றுவிடும். அப்படியானவர்களுக்கு நான் இப்போது எதுவும் சொல்வதில்லை. தின்னட்டும்.

எனக்கு வண்டிமீது பாசம் எதுவும் கிடையாது. துடைப்பது, எண்ணெய் விடுவது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் பயத்தால் வந்த பழக்கம். யுத்த காலத்தில் நான் முன்னேஸ்வரத்திலிருந்து உடப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய் விஞ்ஞானம் படிப்பித்தேன். வழியில் ஒரு பாலம். பாலத்தடியில் மண்மூட்டைகள், மூட்டைகளுக்குப் பின்னால் துவக்குகள். காலையில் தாண்டினால் வேலை இருக்கும், பின்னேரம் தாண்டினால் வீடு போய்ச் சேரலாம். தாண்டமுடியாத நாளில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. ஐந்து மணியானால் அவள் வாசல் படலையடிக்கு வந்துவிடுவாள்.

பாலத்துச் சோதனைச்சாவடிக்கு ஐம்பது யார் தூரம் முன்பாகவே எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஹெல்மெட்டோடு கிட்டப் போகிறவன் முகத்தை மறைக்கிறவன். உப்புக்காற்று முதலில் பிடிப்பது ஹெல்மெட் வாரின் கொளுக்கியைத்தான். ஒருநாள் அது இறுகிக்கொண்டது. நான் நடுத்தெருவில் நின்று தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருக்க, ஒரு சிப்பாய் துவக்கை நீட்டியபடி கத்தினான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொளுக்கியில் மெழுகுதிரி தேய்த்தேன். உள் ஸ்பொஞ்சைக் கழற்றிச் சவர்க்காரத்தில் அலசி நிழலில் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் பொரிந்து உதிரும். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவி வைக்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

உடுப்பும் அப்படித்தான். மழைக்கோட்டுப் போட முடியாது, உள்ளே என்ன கட்டியிருக்கிறாய் என்பார்கள். மாற்றுடுப்பைப் பையில் கொண்டுபோனால், மடித்த சட்டையை உதறிப் புழுதியில் போடுவார்கள். ஆகவே வெள்ளைச் சட்டையோடேயே போனேன். மார்கழிக் குளிருக்கு நெஞ்சில் பத்திரிகைத் தாளை வைத்து மேலே சட்டை போடுவேன். நல்ல யோசனை அது, காற்று ஏறாது. ஆனால் முதல்தடவை நான் வைத்தது தமிழ்ப் பத்திரிகை. தடவிப் பார்த்தவன் அதை உருவி, விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். ஒரு எழுத்தும் தெரியாதவன் அவ்வளவு நேரம் பத்திரிகை பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு இரண்டு பாடம் போனது.

எனக்குச் சிங்களம் விளங்கும். வாய் திறந்தால் வராது. அதுதான் என் குறை. அதற்கு எங்கள் பள்ளிக்கூட அதிபர் கண்டுபிடித்த மருந்துதான் இரண்டாம் மொழி மாஸ்டர்.

அவர் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்தவர். சிலாபத்துக்கு வடக்கே கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் தமிழும் சிங்களமும், அடையாள அட்டையில் சிங்களப் பெயர். இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். அவரை நான் சந்தியில் ஏற்றிக்கொண்டு போவது, அவர் சாவடியில் எனக்காகக் கதைப்பது, பெற்றோலில் அவர் பங்காகத் திங்கட்கிழமைதோறும் ஒரு போத்தல் கொண்டுவருவது என்று அதிபரின் மேசையில் வைத்து முடிவானது. எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் முதலிலிருந்தே பிடிக்காது. அதை அதிபர் கேட்கவில்லை.

பின்னால் குடையோடு ஏறுவார். வளைவில் நான் சாய்ந்தால் அவர் மறுபக்கம் சாய்வார். மேலதிகமாக வைத்திருந்த என் ஹெல்மெட்டை அவருக்குக் கொடுத்தேன். தலையில் அப்படியொரு எண்ணெய் வைப்பார், மூன்று மாதத்தில் ஸ்பொஞ்ச் மீன்கடைத் துணியாகிவிட்டது. என் ஹெல்மெட்டுக்குள் விபூதி கரைந்த சாம்பல் வளையம், அவருடையதில் எண்ணெய்க் கறை. இரண்டையும் ஞாயிறு தோறும் கழுவியது நான்.

"மாஸ்டர், உங்கட சைக்கிள்ல ஏறி என்ட வெள்ளைக் காற்சட்டையெல்லாம் பாழ்" என்பார்.

"செயின் பக்கம் கால வைக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது சேர். காலடியில ஒரு கிளிப் போடுங்க."

"கிளிப் போடுறதுக்கு நான் என்ன தபால்காரனா?"

சாவடியில் மட்டும் அவர் வேறு ஆள். சிப்பாய்களோடு சிரித்துக் கதைப்பார். என்னைக் காட்டி, இவர் என்னுடைய டிரைவர் என்று சிங்களத்தில் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நான் விளங்காதவன் போல வண்டியை உருட்டுவேன். எனக்கு எல்லாம் விளங்கியது என்று அவருக்கும் தெரியும். அந்த மனிதனை நான் வெறுத்தேன். அவர் வராத நாட்களில் பாலத்தை நினைத்து, சந்தியில் கால்மணி நேரம் நின்று அவரைத் தேடினேன். அதற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

ஒரு வருடம் போனபின் பிளக் கறுக்கத் தொடங்கியது. துடைத்து மாட்டினால் மூன்று நாளில் திரும்பக் கரி. காலையில் உதைத்து உதைத்துக் கால் நொந்தது. ஒரு திங்கட்கிழமை போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன்.

"சேர், இதில மண்ணெண்ணெய் மணக்குது."

"அது போத்தல் மணம். மச்சான்ட போட்ல கிடந்த போத்தல். நல்லாக் கழுவித்தான் எடுத்தது."

"போத்தல் மணந்தா பிளக் கறுக்காது."

"நீங்க சயன்ஸ் ஆள், நான் பாஷை ஆள். எனக்கென்ன தெரியும் பிளக்கப் பத்தி."

மச்சானின் படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. போத்தலில் பாதி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவையில்லை. தெரிந்துகொண்டே அதைத் தாங்கிக்குள் ஊற்றினேன். சண்டை பிடித்தால் நாளைக்குப் பாலத்தில் யார் கதைப்பது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் என் சைலன்சரில் ஒரு ஓட்டை இருந்தது. எஞ்சினிலிருந்து இறங்கி வளைகிற இடத்தில், உப்பு தின்று, சுண்டுவிரல் நகத்தளவு. பால்மா டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கி வைத்திருந்தேன். உருக்கி ஒட்டவேண்டிய ஓட்டை அது. கராஜில் ஒருநாள் வண்டியை விடவேண்டும், விட்டால் பஸ்ஸில் தனியாகப் பாலத்தைத் தாண்டவேண்டும் என்று நாளைக் கடத்தினேன். ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவன் நான்.

அப்படிக் கடத்திய ஒரு கிழமையில் சாவடியில் பழைய ஆட்கள் மாறிப் புதியவர்கள் வந்திருந்தார்கள். எல்லாம் மீசை முளைக்காத முகங்கள், கண்ணில் நித்திரை இல்லை. பாலத்து இறக்கத்தில் நான் வேகத்தைக் குறைத்தேன். அப்போது வெடித்தது. சைலன்சர் வெடித்த சத்தம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது வேறு சத்தம். மூட்டைகளுக்குப் பின்னால் தலைகள் மறைந்தன, துவக்குகள் மட்டும் எங்களைப் பார்த்தன. நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தார்மேல் குப்புற விழுந்தேன். அவரும் விழுந்தார். ஏன் சுடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொளுக்கிக்கு மெழுகு தேய்த்திருந்ததால் ஹெல்மெட் உடனே கழன்றது, அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இழுத்து நிமிர்த்தினார்கள். கன்னத்தில் அடி விழுந்தது. வண்டி யாருடையது என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவர் வழக்கமான சிரிப்பில்லாத குரலில் சிங்களத்தில் சொன்னார். இவருடையது. எனக்கு இவரைத் தெரியாது. பஸ் வரவில்லை, கை காட்டினேன், ஏற்றினார்.

அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அவருடைய பெயரைப் பார்த்தார்கள். போகச் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு, நான் கொடுத்த ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயிலில் மதியம்வரை முழங்காலில் இருந்தேன். வண்டியைக் கழற்றச் சொல்லி ஒரு முதிர்ந்த சிப்பாயை அழைத்து வந்தார்கள். நகத்திடையில் கிறீஸ் இருந்த ஆள். தாங்கி மூடியைத் திறந்து விரலை விட்டு மணந்தான். "பூமிதெல்" என்றான். மண்ணெண்ணெய். சத்தம் எதனால் வந்தது என்று மற்றவர்களுக்கு விளக்கினான். துவக்குகள் தாழ்ந்தன. எனக்கு மூச்சு வந்தது. பால்மா டின்னை அவன் பார்க்கவில்லை.

ஆனால் மண்ணெண்ணெய் என்றதும் வேறு கேள்வி வந்தது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் எங்கேயிருந்து வருகிறது, படகில் இயக்கத்துக்குப் போகிறதா என்று கேட்டால் அது சின்னக் கேள்வி அல்ல. யார் தந்தது என்றான் சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவன்.

நானே கலந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பெற்றோல் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு அடியோடு விட்டிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். எனக்கு வராத சிங்களம் அன்றைக்கு வந்தது. பிழையில்லாமல் வந்தது. கொஞ்சம் முன்பு நடந்து போனாரே, அவர்தான் என்றேன். பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். மச்சானின் படகு என்ன நிறம் என்றுகூடச் சொன்னேன். படகின் நிறத்தை யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் ஒரு ஜீப் பள்ளிக்கூடப் பக்கம் போனது. என்னை விட்டுவிட்டார்கள். ஐந்து மணிக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டேன். படலையில் மனைவி இல்லை, அவ்வளவு நேரத்தோடு போயிருந்தேன். கன்னத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் லீவு போட்டேன். அவரையும் மச்சானையும் முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று அதிபரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு சிலாபத்துக் கராஜுக்குப் போனேன். அங்கே டின்னைக் கழற்றிய மெக்கானிக் பாஸ் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்பிடி ஓட்டையோட ஓடினா வெடிக்காம என்ன செய்யும்?"

"மண்ணெண்ணெய் கலந்தாலும் வெடிக்கும்தானே?"

"அதுக்கும் வெடிக்கும். நல்ல பெற்றோல் அடிச்சாலும் இது வெடிக்கும்."

உருக்கி ஒட்டினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒட்டிய இடத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்கச் சொன்னேன். கரி பூசினாற்போல் இருந்தது, யாருக்கும் தெரியாது.

இரண்டு இரவு வைத்திருந்து அவர்களை விட்டார்கள். அதிபரும் பங்குத் தந்தையும் போய்க் கதைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை நான் சந்தியடிக்கு வரும்போது அவர் நின்றார். தலையில் எண்ணெய் இல்லை. இடது காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. கையில் நான் கொடுத்த ஹெல்மெட்.

நிறுத்தாமல் போய்விடலாம் என்றுதான் வந்தேன். நிறுத்தினேன். அவர் ஏறினார். வீங்கிய காதுக்குமேல் ஹெல்மெட்டைப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் எஞ்சினை நிறுத்தாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தெரியாது என்றதைப் பற்றி நானும் கேட்கவில்லை, நான் பெயரைச் சொன்னதைப் பற்றி அவரும் கேட்கவில்லை. அவருக்கு வேறு போக்கில்லை, எனக்கும் இல்லை. பாலத்தடியில் அவர்தான் கதைத்தார். என்னைக் காட்டி, எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான மாஸ்டர் என்றார். டிரைவர் என்ற சொல் அதற்குப்பிறகு அவர் வாயில் வரவில்லை.

இன்னும் நாலு வருடம் அப்படியே போனோம். திங்கட்கிழமைகளில் அவரே போத்தல் மூடியைத் திறந்து என் மூக்கடியில் பிடிப்பார். நான் மணந்து பார்த்துத் தலையாட்டும்வரை கையை எடுக்கமாட்டார். சுத்தமான பெற்றோல். ஒவ்வொரு கிழமையும் நான் மணந்தேன்.

யோசனை கேட்டு வருகிறவர்களை இப்போது முதலில் குனிந்து சைலன்சர் வளைவைப் பார்க்கச் சொல்கிறேன். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வளைவைப் பற்றிக் கேட்டது இரண்டாம் மொழி மாஸ்டர் ஒருவர்தான். அந்த நாலு வருடத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வழியில் பின்டயர் காற்றுப் போனது. நான் சில்லைக் கழற்ற, அவர் நிலத்தில் குந்தி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயின்ற் உரிந்து, வளைவில் ஒட்டிய தழும்பு வெளியே தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப மாஸ்டர் ஒட்டினது?"

"வாங்கக்குள்ளயே இருந்தது" என்றேன்.

"ஓம்" என்றார். எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.