அண்ணன் எடுத்த படத்தில் நான் வரும் இடம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதப் படித்தவர்கள் குடும்பத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் பாண்டி பஜாரில் புடவைக் கடையில் பதினைந்து வருஷமாக நின்று பேசியவள். நாலு விதமான ஜனங்கள் சொன்ன நாலு விதமான சொல்லைக் கேட்டு, அதையே என் படிப்பாக வைத்துக்கொண்டவள். "கூடப் பிறந்த பொறாமை குளிச்சாலும் போகாது" என்று ஒரு அம்மாள் முகூர்த்தப் புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். அது எனக்காகவே சொன்னது. இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான் எழுதினால் பொறாமையும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே எங்கள் சந்து வீட்டில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்தவர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியே பதினேழு வருஷம். திரையில் அவர் பெயர் ஒரு தரம் வந்தது, அதையும் எழுத்துப்பிழையோடு போட்டார்கள். வீட்டில் குறைப்பட்டுக்கொண்டதில்லை. சம்பளம் வராத மாதத்திலும் அம்மாவுக்கு வெற்றிலை, எனக்குக் கதை, இரண்டும் தவறாமல் வரும். அன்றன்று வெட்டிய படத்தின் கதையை முதலில் என்னிடம்தான் சொல்லுவார். அந்த 'முதலில்' என்பதுதான் என் சொத்து.

அந்தச் சொத்தில் பங்குக்கு வந்தவர் செல்வம்.

செல்வத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். என் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவர், பிறகு தி. நகரில் கல்யாண வீடியோ கடை வைத்தார். அண்ணனும் அந்தக் கடைக்கு மேலே மாடியறைக்குக் குடி போனார். ஞாயிற்றுக்கிழமை நான் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனால், அங்கே செல்வம் ஏற்கெனவே குழம்பு வைத்திருப்பார். அண்ணன் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இரண்டும் நன்றாயிருக்கிறது என்பார். இரண்டு புடவையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லுகிறவர்கள் எங்கள் கடையில் இரண்டையுமே வாங்க மாட்டார்கள். எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். பன்னிரண்டு வருஷம் நான் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. "வீடியோக்காரர்" என்றுதான் சொல்லுவேன்.

எங்கள் பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் அண்ணனின் படம் இல்லை. பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு தையல்காரரோடு ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தார். வீட்டில் இரண்டு பேர், இரண்டு தட்டு, இரண்டு பாய். ஆனாலும் நம் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒண்டிக்கட்டை'. பெரியப்பா இறந்த அன்று நாம் எல்லோரும் உள்ளே அழுதோம். தையல்காரர் எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அண்ணனுக்கு அப்போது இருபது வயசு. அவருக்கும் வரவில்லை. அதைத்தான் அவர் கடைசிவரை சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். தெருப் பலகைகளில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம், அண்ணன் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறேன் என்றார். படத்தின் பெயர் 'ஒண்டிக்கட்டை'.

கதையை அவர் சொன்னது மாடியறையில். நடிக்க வந்தவர்கள், விளக்குப் பிடிக்கிறவர்கள், சுவருக்கு வெள்ளையடித்தவர் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலை முடிந்து போனபோது வாசற்படியில்தான் இடம் இருந்தது. ஒரு பெரியப்பா, ஒரு தம்பி மகன். பெரியப்பாவுக்கு ஒரு துணை, தம்பி மகனுக்கு ஒரு துணை. இரண்டு துணையும் ஆண்பிள்ளைகள். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறை. பெரியப்பா வாய் திறக்காமலே போகிறார், பையன் வாய் திறக்கிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பையன் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு மனசுக்குள் வெகு நாளாகத் தெரிந்த விஷயம்தான். என் அண்ணன் அதை எனக்குச் சொன்ன அன்று, வெள்ளையடித்தவர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படப்பிடிப்பு எங்கள் சந்து வீட்டிலேயே நடந்தது. கேமரா செல்வத்தின் கல்யாணக் கேமராதான். கை பழகிய பழக்கம் போகுமா? யாரைக் காட்டினாலும் மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் காலில் தொடங்கி மேலே போவார். பெரியப்பா சாகிற காட்சியில் ஓரத்தில் ரோஜா இதழ் விழுகிற மாதிரி ஒன்றைச் சேர்த்துவிட்டார். அண்ணன் அரை நாள் அவரோடு பேசவில்லை. நான் அந்த அரை நாளும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா வேஷத்துக்கு நாடகக் கம்பெனியில் இருந்து ஒரு அம்மையார் வந்தார். அண்ணன் அவரை "அம்மா, இப்படி உக்காருங்கம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் எங்கள் அம்மா சமையல்கட்டில் பாத்திரத்தைச் சற்றுப் பலமாகவே வைத்தார். பொறாமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டாம். படத்தில் பெரியப்பாவுக்கு ஆள் இருந்தது, தையல்காரருக்கு ஆள் இருந்தது, பால்காரருக்கும் ஆள் இருந்தது. தங்கைக்கு மட்டும் இல்லை. நான் அண்ணனைக் கேட்டேன்.

"பால்காரனுக்குக்கூட ஆள் கீது. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"நீ வர்ற. ஒரு இடத்துல வர்ற" என்றார் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நாடக அம்மையாரின் நடிப்பு நன்றாக வந்திருந்தது, பேச்சு மட்டும் அரசவையில் நின்று பேசுவதுபோல் இருந்ததாம். குரலை மாற்ற வேண்டும். அம்மாவைக் கேட்டால், "நான் பேசினது போதாதா, மிஷினுக்கு வேற பேசணுமா" என்று மறுத்துவிட்டார். "அம்மா மாதிரி பேச நீ ஒருத்திதான் கீற" என்றார் அண்ணன். நான் அந்த வார்த்தையை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டேன். செல்வத்தின் கடைக் கதவைச் சாத்தி, ஜமுக்காளம் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மைக்குக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். டி.வி.யில் அம்மையார் வாயசைக்க வாயசைக்க நான் பேசினேன். பேசத்தானே தெரியும் எனக்கு? மத்தியானத்துக்குள் முக்கால் படம் முடிந்தது. செல்வமே, "தங்கச்சி கலக்குதுபா" என்றார்.

கடைசித் தாளை அண்ணன் அதுவரை கொடுக்கவில்லை. அப்போதுதான் கொடுத்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்கிறார். பையன் எதிரில் உட்கார்ந்து, எனக்குப் பெண் பார்க்காதே, எனக்குத் துணை இருக்கிறார் என்று அவர் பெயரைச் சொல்லுகிறான். பெரியப்பா மாதிரியா என்று அம்மா கேட்கிறார். ஆமாம் என்கிறான். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுகிறார்:

"சரி, சாப்ட வா. உன் தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம். உலை வாய மூடலாம், உன் தங்கச்சி வாய மூட முடியாது."

ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. அதில் ஊரை எடுத்துவிட்டு என்னை வைத்திருந்தது.

"இது யார் எழுதினது?" என்று கேட்டேன்.

செல்வம் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். "எழுதல. அம்மா சொன்னது" என்றார் அண்ணன்.

"எப்ப?"

"உன் கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசம். எல்லாரும் அடுத்து எனக்குத்தான்னு சொன்னாங்க இல்ல, அப்ப."

பன்னிரண்டு வருஷம். அம்மாவுக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊரார் சொல்லையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவள் நான். எங்கள் வீட்டில் பிறந்த ஆகச் சிறந்த சொல் என்னைப் பற்றியது, அது என் காதில் விழாமலே இருந்திருக்கிறது. தாளை மைக் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பஸ் பிடித்து நேரே மயிலாப்பூர்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு மழுப்பவில்லை. "சொன்னேன். பொய்யா?" என்றார்.

"எனக்குச் சொல்லியிருந்தா நான் அண்ணனுக்கு ஆறுதலா இருந்திருப்பேன்."

"இருந்திருப்ப. இருந்துட்டு, யார்கிட்டயும் சொல்லாதன்னு உன் நாத்தனார்கிட்ட சொல்லியிருப்ப. அவ உன் மாமியார்கிட்ட சொல்லியிருப்பா. அப்புறம் நீ பொட்டியத் தூக்கிக்கினு இங்க வந்து நின்னிருப்ப."

நாத்தனாரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அது தெரிந்ததால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. பேச்சை மாற்றி, எல்லாம் அந்த வீடியோக்காரர் வந்து கெடுத்தது என்று ஆரம்பித்தேன். அம்மா அரிசித் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார்.

"மூணாவது முடிச்சு போடாமலே நாத்தனார் வேல பாக்கறவ இந்த மயிலாப்பூர்லயே நீ ஒருத்திதாண்டி."

சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு அழுதேன். நானும் நாத்தனார்தான் என்றால், அவர் எங்கள் வீட்டு ஆள் என்றுதானே அர்த்தம்? வெளியாள் மேல் யாருக்கு நாத்தனார் பொறாமை வரும்?

மூன்றாம் நாள் வீடியோ கடைக்குப் போனேன். அண்ணன் அந்த வசனத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் வேண்டும் என்றேன். மைக் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். கோபமாக வந்தது. "அம்மா கோவமா சொல்லல" என்றார். மறுபடி சொன்னேன், அழுகையாக வந்தது. "அழவும் இல்ல" என்றார். அப்புறம் நான் செல்வத்தைப் பார்த்து, ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வரச் சொன்னேன். கீரைக்காரம்மா ஒருத்தர் சொல்லுவார், கை வேலையில் இருந்தால் வாய் பொய் சொல்லாது என்று. கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டே, பையன் பசியோடு இருப்பானே என்ற நினைப்போடு அந்த வசனத்தைச் சொன்னேன். சொல்லும்போது புரிந்தது. அம்மா ஒரே பேச்சில் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டு, இரண்டு பேரையும் ஊர் வாயில் விழாமல் மூடி வைத்திருக்கிறார். இருந்தாலும் பொறாமை போகவில்லை. புரிந்தால் போய்விடும் என்று யார் சொன்னது?

படத்தைக் கடையில் போட்டுக் காட்டியபோது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். பாதியில் எழுந்து போனவர்களும் நீங்கள்தான். போனவர்கள் மேல் அண்ணனுக்கு வருத்தம் இல்லை, செருப்பைத் தேடிக் கொடுத்து அனுப்பினார். கடைசிவரை இருந்து, "எல்லாம் சரி, கல்யாண சீன் எங்க?" என்று கேட்ட மாமாவுக்கு அன்று இரண்டு காபி கிடைத்தது. தங்கச்சி வாய் என்ற இடத்தில் சிரித்தீர்களே, படத்திலேயே பெரிய சிரிப்பு அது. அது என்னுடையது. அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், செல்வத்தின் பக்கம் இல்லை.

அடுத்த வருஷமே அண்ணனின் இருதயம் தளர்ந்துபோனது. எட்டு நாள் மருத்துவமனை. அவர் கடைசிவரை பேசினார், சிரித்தார், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கதை சொன்னார்.

அந்த எட்டு நாளும் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த வெள்ளையடிப்பவருக்கும், தூரம் பார்க்காமல் வந்த நாடக அம்மையாருக்கும், மாதாமாதம் அம்மாவைப் பார்க்க வருகிற உங்களுக்கும் எங்கள் வீட்டின் நன்றி. என் கணவருக்கும், அவர் வீட்டாருக்கும், முக்கியமாக என் நாத்தனாருக்கும் நன்றி. படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன வருஷம் மறைச்சீங்க?" என்று கேட்டவர் அவர்தான். செல்வத்துக்கு நன்றி சொல்லப் போவதில்லை. வீட்டு ஆளுக்கு யாரும் நன்றி சொல்லுவதில்லை. அண்ணன் போன அன்று அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் ஒன்று. ஆறாம் நாள் மத்தியானம், செல்வம் இளநீர் வாங்கக் கீழே போனபோது, அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். யாருக்கும் சொல்லாதே என்றார். போன வாரம் இந்த மலருக்குப் படம் கொடுக்க வந்த செல்வம், காபியை வைத்துக்கொண்டு ஆற அமரக் கேட்டார்.

"அன்னிக்கு நான் இளநி வாங்கப் போனப்ப, உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் என் கண்ணாடியில் நான் பார்த்த முகம். பாவமாகத்தான் இருந்தது. வாயும் துறுதுறு என்றது.

"காபி ஆறுது, குடிங்க" என்றேன்.

அவர் போன பிறகு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாடி சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாவுக்கும் சொல்லவில்லை.