பந்தத்துக்குத் துணி சுற்றியவன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனைக்குட்டம் போகிற பாதையில் கருவேல முள் மண்டிக் கிடந்த மேட்டை என் கையால் வெட்டித் திருத்திச் சிலம்பக் கூடம் எழுப்பினேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று ஊரே சிரித்தது. பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்து நிறுத்தினேன். இன்றைக்கு அவர்கள் போகிற போட்டியில் கோப்பை இல்லாமல் திரும்புவதில்லை. பெருமைக்காகச் சொல்கிறாயா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான்.

புதிதாக வருகிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தப்பாகச் சுற்றினால் கணுக்காலில் கம்பு விழும், அந்த அடிதான் வாத்தியார். கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள். என் பெரிய தப்புக்கு அடி என் காலில் விழவில்லை என்பதை மட்டும் நான் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் கம்பின் இரண்டு முனையிலும் தீப்பந்தம் கட்டி அவன் ஆடுவான். பழைய வேட்டியைக் கிழித்து முனையில் இறுக்கிச் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கிக் கொடுப்பது என் வேலை. முந்தின வருஷம் தெற்குத் தெருப் பையன் ஒருவன், "ஒங்க அண்ணன் பந்தமாலே அது? ஈர வெறகு பொகஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொன்னது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். கை துடைக்கிற துணிகள் அவள் இடுப்பில் செருகியபடியே வீடு வந்துவிடும். மருந்தில் சேர்க்கிற வெள்ளிப் பொடி ஏறி மினுங்கும். வீட்டுக்குள் கொண்டு வரமாட்டாள். வெளியே வேப்பமரத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊறவைப்பாள். "அதத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்பாள்.

அதில் ஒன்றை உருவினேன். வேட்டித் துணிக்கு அடியில் வைத்துச் சுற்றினேன். தெற்குத் தெரு வாயடைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

பொழுது சாயும் நேரம் ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் பந்தம் வெள்ளையாகச் சீறியது. முதலில் கை தட்டியவன் நான். அப்புறம்தான் அது அடங்கவில்லை என்று தெரிந்தது. அண்ணன் கம்பை எறிந்திருக்கலாம். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முனையை மண்ணில் குத்தி அதன்மேலேயே கவிழ்ந்தான்.

ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தான். "மண்ணெண்ணெ இப்பிடியா எரியும்? என்னலே செஞ்சீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நாந்தாம்மா பெட்ரோல்ல முக்கிட்டேன். எம் புத்தி" என்றான் அண்ணன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். அந்த வெள்ளை வெளிச்சம் எதனுடையது என்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். "ஏலே, துணியப் பத்தி அம்மாட்ட மூச்சு விட்டுறாத."

"சரிண்ணே."

அடி விழாமல் என்னைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அன்றைக்கு அம்மா வாங்கிக் கொடுத்த பன்னை நிம்மதியாகத் தின்றேன்.

அவனுக்கு ஒரு கண் போனது. வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதன்பின் அவன் கம்பைத் தொடவில்லை. காலண்டர் கம்பெனியில் இடது கையால் தாள் அடுக்கினான். அம்மா வருஷக்கணக்கில் அதே மருந்து அறைக்குத்தான் போனாள். சாயங்காலம் கையை மூன்று தடவை கழுவிவிட்டு அவனுக்குச் சோறு ஊட்டுவாள். அந்த நெருப்பு தன் இடுப்பில்தான் வீட்டுக்கு வந்தது என்று தெரிந்திருந்தால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படி இருந்திருப்பாள்? பொய் எனக்காக இல்லை. இது எனக்கு உறைக்கப் பாதி ஆயுசு ஆனது.

என் கூடத்தில் பந்தத்துக்குப் புதுத் துணி மட்டும்தான். நானே அலசி, மோந்து பார்த்து, நானே கட்டுவேன். இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் கொப்புளம் இல்லை.

அம்மா போய் வெகுநாள் ஆகிறது. அண்ணன் போன ஆடியில் போனான். இனி இதைக் கேட்டு நோக ஆள் இல்லை. நீங்கள் போடுகிற கூடத்தின் விழா மலருக்கு அச்சாபீஸிலிருந்து சரிபார்க்க வந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நிறுவனரின் அண்ணன் கவனக்குறைவால் தீக்காயம் அடைந்ததே இந்தப் புதுத்துணி விதிக்குக் காரணம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்து நீக்குங்கள். மேட்டைத் திருத்தியவன் என்று என் பேர் இருக்கிறது. கூடம் கட்டியவன் என்றும் இருக்கிறது. அந்தத் துணியைச் சுற்றியவன் என்றும் என் பேரைத்தான் போட வேண்டும். அதே பெரிய எழுத்தில்.