மசீனா சாப்பிடாமல் நின்ற நாள்

தலைநகர் அப்பியாவில் மத்திய வங்கியில் வேலை பார்க்கும் மசீனாவுக்கு, சவாய் தீவிலுள்ள பெரியம்மா லாங்கியின் ஊருக்குப் போவதென்றால் எப்போதும் சந்தோஷம்தான். அன்று மட்டும் வங்கி வேலையாகப் படகில் ஏறியிருந்தாள்.

போட்ட பணம் மூன்றே மாதத்தில் இரட்டிப்பாகும் என்று சொல்லி, அந்த ஊரில் துவாலே என்பவன் வசூல் செய்துகொண்டிருந்தான். இது மோசடி என்று எச்சரிக்க, போன மாதம் வங்கியின் மூத்த அதிகாரி ஒருவர் போனார். ஊர் வழக்கப்படி அவரை முதலில் பாயில் உட்காரவைத்துப் பன்றிக்கறியும் சேம்பங்கிழங்கும் பரிமாறினார்கள். பக்கத்தில் துவாலே. ஒரு புகைப்படமும் எடுத்தார்கள். அவர் பேசியது யார் மனத்திலும் நிற்கவில்லை. வங்கிக்காரரே துவாலேயோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் நின்றது. மறுவாரமே இன்னும் பலர் பணம் போட்டார்கள்.

இப்போது ஊர்க்கூடத்தில் மசீனாவின் முன்னாலும் அதே பாய், அதே விருந்து.

"உக்காரும்மா. பட்டணத்துல பட்டினி போடுறாங்களா, இப்படி இளைச்சுட்ட?" என்றான் துவாலே. அவனுடைய ஆள் படம் எடுக்கச் செல்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

லாங்கி காதோரம் முணுமுணுத்தாள். "ஒரு வாய் சாப்பிடுடி. தட்டை ஒதுக்கினா நம்ம வீட்டுக்குத்தான் அபராதம் போடுவாங்க."

மசீனா உட்காரவில்லை.

"பெரியவங்க மன்னிக்கணும். துவாலேயோட கணக்கை இன்னைக்குக் காலையில வங்கி முடக்கிடுச்சு. இனிமே அவர்கிட்ட யாரும் பணம் கொடுக்காதீங்க. கொடுத்தவங்க என்கிட்ட பேரைச் சொல்லுங்க. கணக்குல மிச்சம் இருக்கறதைக் கோர்ட்டு பிரிச்சுக் கொடுக்கும்."

"எங்க ஊர்ல கை நனைக்காமலே இப்படிப் பேசுறியா?" என்று கேட்டுவிட்டு ஊர்த்தலைவர் எழுந்து வெளியே போனார். சிலர் அவர் பின்னாலேயே போனார்கள்.

லாங்கி அவள் கையைப் பிடித்தாள்.

"கணக்குலன்னா சொன்ன? உன் அண்ணன் ஆக்லாந்துலேர்ந்து அனுப்பினதை நேத்து அவன் கையிலேயே கொடுத்துட்டேனே. இந்த மாசம் எல்லாருமே கையிலதான் கொடுத்தோம். வங்கி வேணாம்னு சொன்னான்."

மசீனா திரும்பிப் பார்த்தாள். துவாலேயின் இடம் காலியாக இருந்தது.

உடனே படகுத்துறைப் போலீஸை அழைத்து, துவாலேயைப் படகில் ஏறவிடாமல் நிறுத்தச் சொன்னாள். மறுமுனையில் அலைச்சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. "படகுல வண்டியெல்லாம் ஏத்த ஆரம்பிச்சாச்சும்மா. இருங்க, பாக்குறோம்."

"பிடிச்சிடுவாங்கல்ல?" என்றாள் லாங்கி.

மசீனா செல்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.