அப்பாவுக்கு இடப்பக்கம் மலை ஆகாது

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் செங்கம் ரோட்டில், விடுதி ஒன்றின் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் என் சைக்கிளை மறித்தார். அவரிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. டயர் மட்டும் மலைப்பாம்பு தடிமனில். காட்டுக்குள்ளே, தார் போடாத, கல்லும் மண்ணுமான மலைப்பாதை இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே விமானம் ஏறி வந்திருக்கிறாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்ட ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி மனு மேல் மனு எழுதிக் கை தேய்ந்தவள் நான். இருந்தாலும் ஊருக்கு வந்தவராயிற்றே என்று ஜவ்வாது மலைக்கு வழி சொன்னேன். எங்கே ஏற்றம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும், எந்த ஓடையில் செருப்பைக் கழற்ற வேண்டும் எல்லாம் சொன்னேன். அந்தப் பாதையில் நான் முதன்முதலாகப் போன கதையை மட்டும் சொல்லவில்லை. அது விளங்க வேண்டுமென்றால் அவர் திருவண்ணாமலையில் பிறந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர்களுக்கு மலை எப்போதும் வலது கைப்பக்கம்தான். எதிர்ச்சுற்று கிடையாது, பாதியில் விட்டு வருவதும் கிடையாது. மற்றவர்களுக்கு இது பௌர்ணமிக்கு மட்டும். என் அப்பாவுக்கோ முந்நூற்று அறுபத்தைந்து நாளும். அண்ணாமலை என்றில்லை, மண்மேடு கொஞ்சம் உயரமாக இருந்தாலும் போதும், அவருக்கு வலப்பக்கம் வந்தாக வேண்டும்.

அவருக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. டவுனிலிருந்து அங்கே போகும்போது மலை இடப்பக்கம் வந்து தொலைக்கும். அதனால் காலையில் மட்டும் டவுன் பஸ், சாயங்காலம் நடை. "பஸ்ல போனா பாவம் டிரைவருக்கு, சைக்கிள்ல போனா நமக்கு" என்பது அவருடைய சட்டம். அந்த டிரைவர் எந்த ஜென்மத்தில் இதைத் தீர்த்தாரோ தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வந்தது. வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் என்னோடு படித்தவளின் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. வேலை கிடைக்காவிட்டால் போளூரில் அத்தை மகன் தயாராக இருந்தான். ஒரு வேலையும் செய்யாமல் எப்போதும் தயாராக மட்டுமே இருக்கிற ஆள் அவன். ஆகவே அந்த ஆர்டரைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்.

பள்ளிக்கூடம் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில். உடனே போய்ச் சேரலாம் என்றால் அப்பா காலண்டரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் அஷ்டமி, மறுநாள் நவமி, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அப்புறம் சனி, ஞாயிறு. இப்படியே தள்ளித் தள்ளி, கொடுத்த கெடுவில் கடைசி நாளுக்கு வந்துவிட்டோம். அன்று பள்ளிக்கூடம் விடுவதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பஸ் போகிற கடைசி ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வரை வெறும் காட்டு ரோடு. அதற்காகவே இரண்டு சைக்கிளையும் பஸ் கூரைமேல் கட்டிக் கொண்டுபோனோம். கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு டிரைவருக்காக வேண்டிக்கொண்டார். நடுவழியில் பஸ் கொதித்து நின்றதில் மத்தியானம் அங்கேயே போய்விட்டது.

இறங்கினதும் மிதிக்க ஆரம்பித்தோம். ரோடு போடுவதற்காகக் கப்பிக் கல்லைப் பரப்பிவிட்டு யாரோ சாப்பிடப் போயிருக்க வேண்டும், திரும்பியே வரவில்லை. முன் சக்கரம் ஒரு பக்கம் போக நினைத்தால் பின் சக்கரம் வேறு யோசனை சொன்னது. புதுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தேன், அது செயினில் சிக்குவதே வேலையாக இருந்தது. ஹாண்டில்பாரில் தொங்கிய டிபன் கேரியரில் புளிசாதமும் தயிர்சாதமும் ஒன்றாகிவிட்டன. இரண்டு பக்கமும் மூங்கிலும் நெல்லியுமாக நல்ல காடு. ஆனால் கல்லைப் பார்க்கிறவளுக்குக் காடு எங்கே தெரியப்போகிறது!

ஒரு பாறைக் கரடு வந்தது. அதன் அடியில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிம்மா போவணும்?" என்று அப்பா கேட்டார்.

"இந்தக் கரட்டை ஒட்டினாப்ல கொஞ்ச தூரம் போங்க. ரோடு தானா கொண்டுபோயி உட்டுடும்."

போனோம். கரடு வலப்பக்கம். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது கிளை காட்டுக்குள் இறங்கியது, வலது கிளை கரட்டோடு ஒட்டி வளைந்தது. அப்பா யோசிக்கக்கூட இல்லை. நாற்பது வருஷம் சுற்றின உடம்பு, ஹாண்டில்பார் தானாக வலது பக்கம் திரும்பியது. நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, பின்னாலேயே போனேன். மிதித்தோம், தள்ளினோம், ஓடையில் இறங்கி ஏறினோம். கடைசியில் அதே ஆடுகள், அதே அம்மா.

அந்த அம்மா இந்தத் தடவை எழுந்து நின்று கைகூப்பினார்.

"வேண்டுதலுங்களா சாமி?"

அப்பா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற திருநீற்றை எடுத்து அவருக்குக் கொடுத்தார். ஒரு ஆட்டுக்கும் பூசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரட்டையே தூக்கிப் போட்டிருப்பேன்.

மறுபடியும் பிரிகிற இடத்துக்கு வந்தோம். நான் இடது கிளையில் சைக்கிளைத் திருப்பினேன்.

"இரு, இரு" என்றார் அப்பா. "அந்தப் பக்கம் பாத்தியா?"

பார்த்தேன். அந்தக் கிளையின் இடப்பக்கம் முழுக்க, கடைசிவரை, பெரிய மலை ஒன்று படுத்திருந்தது.

"மலையை இடது கைப்பக்கம் உட்டுட்டு, மொத நாளு வேலைல போயி சேர்றதா? உருப்படுமா?"

"சேரலேன்னா மட்டும் உருப்படுமாப்பா? அத்தை மகன் உருப்படியா?"

"நடுவுல வேற வழி எதனா இருக்கும். விசாரிச்சுப் பாக்கலாம்."

"யாரை? ஆட்டையா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதுவரை அப்பா பேச்சை மீறி நான் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. "நான் போறேம்பா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். கூப்பிடுவார் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது பிரிகிற இடத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரை அந்தக் காட்டில் தனியாக விட்டுப் போகிறோமே! அழுதுகொண்டேதான் மிதித்தேன்.

தலைமையாசிரியர் பூட்டும் கையுமாக வாசலில் நின்றிருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பதிவேட்டைப் பிரித்து வைத்தார். கையெழுத்துப் போட்டேன். முழுப்பெயரையும் போட்டேன். இப்போது பார்த்தாலும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வந்து பார்த்தேன்.

ரோட்டில் ஒரு மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சைக்கிளை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து. வேட்டி முழுக்க நாயுருவி. ஒரு காலில் செருப்பில்லை.

"யாரும்மா அது? ஏன் பின்னால நடந்து வராரு?"

"எங்கப்பா சார். மலை அவருக்கு வலப்பக்கம் இருக்கணும்."

தலைமையாசிரியர் மலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மனசுக்குள் ஒரு தடவை திரும்பி நின்று பார்த்திருப்பார் போல. "சரியாத்தான் வராரு" என்றார்.

வாசலுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் இரண்டு பக்கமும் நின்று, லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, "வரலாம், வரலாம், ஒடிச்சு வாங்க, போதும், ரைட்!" என்று அப்பாவை உள்ளே கொண்டுவந்து சேர்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவ்வளவு தூரம், அந்தக் கல்லில், பின்பக்கமாக!

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்பா."

படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட ஜாஸ்தி நேரம் துடைத்தார். பிறகு நான் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இதே வழியாத்தான் வரணும் இல்ல?"

"ஆமாம்பா. நான் நேராத்தான் வருவேன். பின்னால எல்லாம் நடக்க முடியாது."

"வேணாம், வேணாம். கல்லு ஜாஸ்தி, உழுந்துடுவ" என்றார். செருப்பில்லாத காலைத் தட்டிவிட்டார். "நீ நேராவே வா. உனக்கும் சேத்து நான் அங்க சுத்திக்கிறேன்."

அடுத்த பௌர்ணமியிலிருந்து அப்பா அண்ணாமலையை இரண்டு சுற்று சுற்றினார். எனக்கு டிரான்ஸ்பர் கிடைக்கிறவரைக்கும் ஒரு மாதம்கூட விட்டதில்லை.